ப்ரொடக்‌ஷனில் ரீஸ்டார்ட் செய்யாமல் டீபக் லாகைத் திறப்பது எப்படி?

இரவுப்பணி எழுதியது:

வணக்கம் நண்பர்களே. ஸ்பிரிங் பூட்டில் எழுதிய ஒரு பேமென்ட் சர்வீஸைப் பார்த்துக்கொள்கிறேன். லாகிங்குக்கு எஸ்எல்எஃப்4ஜே, அடியில் உண்மையில் எழுதும் லைப்ரரியாக லாக்பேக். சர்வர் உள்ளேயே இருக்கும் டாம்கேட். லோட் பேலன்சருக்குப் பின்னால் நாலு இன்ஸ்டன்ஸ் ஓடுகிறது.

சம்பளத் தேதியை ஒட்டிய நாட்களில், சாயங்காலம் கூட்டம் ஏறும்போது, சில கஸ்டமர்களுக்கு மட்டும் பணம் செலுத்தும் பட்டனை அழுத்தியதும் திரை சுற்றிக்கொண்டே நிற்கிறது, கடைசியில் கேட்வே டைம்அவுட். எல்லோருக்கும் வருவதில்லை. எங்கள் லாகில் எரர் ஒன்றுகூட இல்லை. ரிக்வெஸ்ட் உள்ளே வந்தது என்று ஒரு இன்ஃபோ வரி இருக்கும், அதற்குப்பிறகு அந்த ரிக்வெஸ்டைப் பற்றி எதுவுமே இருக்காது. ரீஸ்டார்ட் செய்தால் சரியாகிவிடுகிறது, ஆனால் என்ன நடந்தது என்று பார்க்கும் வாய்ப்பும் அதோடு போய்விடுகிறது.

போன மாதம் சப்போர்ட் டீம் ரூட் லெவலையே, அதாவது எல்லாவற்றுக்கும் பொதுவான லாக் லெவலையே, மிக விரிவாக எழுதும் டீபக் ஆக்கி ரீஸ்டார்ட் செய்தார்கள். விடிவதற்குள் டிஸ்க் நிரம்பி, அதே டிஸ்கில் தற்காலிக ஃபைல் எழுதும் இன்னொரு சர்வீஸும் படுத்துவிட்டது. அவசரத்தில் யாரோ அந்தப் பெரிய லாக் ஃபைலை ஆர்எம் கொடுத்து அழித்தார்கள், ஆனாலும் இடம் திரும்பி வரவில்லை. இவ்வளவும் நடந்தபிறகு அந்த லாகில் தேடினால் பிரச்சினை வந்த நேரத்து வரிகள் டேட்டாபேஸோடு பேசும் ஹைபர்நேட்டின் எஸ்க்யூஎல்லுக்கும் ஸ்பிரிங்கின் சொந்தப் பேச்சுக்கும் நடுவில் எங்கேயோ புதைந்து கிடந்தன. இப்போது மேலிடத்தில், ப்ரொடக்‌ஷனில் டீபக் என்ற பேச்சே எடுக்கக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள்.

அவர்களைக் குறை சொல்ல முடியாது. ஆனால் இந்தப் பிரச்சினை டெஸ்ட் சூழலில் வருவதே இல்லை, அங்கே அந்தக் கூட்டம் கிடையாது. ரீஸ்டார்ட் இல்லாமல், எல்லாவற்றையும் திறக்காமல், தேவையான இடத்தில் மட்டும் டீபக்கைத் திறந்து மூட வழி இருக்கிறதா? இருந்தால் அதைப் பாதுகாப்பாகச் செய்ய என்னவெல்லாம் கவனிக்க வேண்டும்? ஒப்புதல் வாங்க நான் எழுதிக்கொடுக்க வேண்டியிருக்கிறது, அதனால் கொஞ்சம் விரிவாகச் சொன்னால் உதவியாக இருக்கும்.

---

காவிரிக்கரை எழுதியது:

வழி இருக்கிறது, நீங்கள் ஏற்கெனவே வைத்திருக்கும் சாமான்களிலேயே இருக்கிறது. ஓடும் சர்வீஸைக் கண்காணிக்க உதவும் ஸ்பிரிங் பூட் ஆக்சுவேட்டரில் "லாகர்ஸ்" என்று ஒரு எண்ட்பாயிண்ட் உண்டு, 1.5 பதிப்பிலிருந்தே இருக்கிறது. அதற்கு ஒரு லாகரின், அதாவது லாக் எழுதும் கிளாஸின் அல்லது பேக்கேஜின், பெயரைக் கொடுத்து கெட் செய்தால் இரண்டு விஷயம் சொல்லும்: அந்த லாகருக்கு நேரடியாக வைக்கப்பட்ட லெவல் எது, மேலிருந்து வாங்கிக்கொண்டு உண்மையில் நடைமுறையில் இருக்கும் லெவல் எது. அதே முகவரிக்கு, வைக்க வேண்டிய லெவலை டீபக் என்று போட்டு ஒரு சின்ன ஜேசன் போஸ்ட் செய்தால் அந்த நொடியிலிருந்து டீபக் ஓடும். வேலை முடிந்ததும் அந்த இடத்தில் நல் என்று போட்டு மறுபடி போஸ்ட் செய்யுங்கள். இன்ஃபோ என்று போடாதீர்கள். நல் கொடுத்தால் நீங்கள் வைத்தது நீங்கி, மேலே இருக்கும் லாகரின் லெவலை மறுபடி வாங்கிக்கொள்ளும். இன்ஃபோ என்று போட்டால் அது அங்கேயே ஒட்டிக்கொண்டு, நாளைக்கு ஒருவர் மேல் லாகரை வார்ன் ஆக்கினாலும் இது மட்டும் இன்ஃபோவிலேயே நிற்கும்.

இதில் இரண்டு சிக்கல் எல்லோருக்கும் வரும். முதலாவது, நீங்கள் போஸ்ட் செய்வது லோட் பேலன்சர் வழியாகப் போனால் நாலில் ஏதோ ஒரு இன்ஸ்டன்சுக்குத்தான் போய்ச்சேரும், எதற்குப் போனது என்றே தெரியாது. ஆகவே இன்ஸ்டன்சின் நேரடி முகவரிக்கு அனுப்புங்கள். நாலிலும் திறக்க வேண்டியதில்லை என்பதும் ஒரு வசதிதான். ஒரே ஒரு இன்ஸ்டன்சில் திறந்தாலே, சாயங்காலக் கூட்டத்தில் பிரச்சினை அதன் பக்கம் வராமல் போகாது, லாகின் அளவும் கால் பங்குதான். இரண்டாவது, இந்த எண்ட்பாயிண்ட் தானாகத் திறந்திருக்காது. மேனேஜ்மென்ட் அமைப்பில் லாகர்ஸ் என்று சேர்க்க வேண்டும். சேர்க்கும்போது மேனேஜ்மென்டுக்குத் தனி போர்ட் வைத்து அதை உள் நெட்வொர்க்கில் மட்டும் வையுங்கள், முன்னால் லாகினும் வையுங்கள். வெளியிலிருந்து யாரும் உங்கள் லாக் லெவலை மாற்ற முடிந்தால், உங்கள் டிஸ்கை நிரப்பவும் அவர்களால் முடியும்.

ஆக்சுவேட்டர் வேண்டாம் என்றால் லாக்பேக் கன்ஃபிக் ஃபைலின் மேல் வரியில் ஸ்கேன் என்பதை ட்ரூ ஆக்கி வைத்தால், நிமிடத்துக்கு ஒருமுறை ஃபைல் மாறியிருக்கிறதா என்று அதுவே பார்த்துக்கொள்ளும், இடைவெளியை மாற்றலாம். லாக்4ஜே 2-இல் அதற்கு மானிட்டர் இன்டர்வல் என்று பெயர். எனக்கு இந்த வழியைவிட ஆக்சுவேட்டர்தான் பிடிக்கும், ஏனென்றால் அதில் செய்த மாற்றம் ரீஸ்டார்ட் ஆனால் தானாக மறைந்துவிடும். யாரோ மறந்துவிட்ட டீபக் மாதக்கணக்கில் ஓடிக்கொண்டிருக்காது. ஃபைலில் செய்த மாற்றம் யாராவது திருத்தும்வரை அங்கேயே இருக்கும்.

இனி முக்கியமான விஷயம். உங்கள் சப்போர்ட் டீம் டீபக்கைத் திறந்ததால் டிஸ்க் நிரம்பவில்லை, ரூட்டைத் திறந்ததால்தான் நிரம்பியது. ரூட்டைத் திறந்தால் ஸ்பிரிங், ஹைபர்நேட், கனெக்‌ஷன் பூல், டாம்கேட் என்று ஜாருக்குள் இருக்கும் அத்தனை லைப்ரரியும் பேச ஆரம்பிக்கும், உங்கள் கோட் அதில் ஒரு மூலையில் நாலு வரி எழுதியிருக்கும். லாகர் பெயர்கள் பேக்கேஜ் பெயரைப் போலப் படிப்படியாக இறங்குவது இதற்காகத்தான், எவ்வளவு கீழே இறங்கி ஒரே ஒரு கிளாஸைத் தொடுகிறீர்களோ அவ்வளவு நல்லது.

உங்கள் கதையில் எரர் இல்லை, வரி பாதியில் நிற்கிறது, கூட்டத்தில் மட்டும் வருகிறது, ரீஸ்டார்டில் போகிறது. கேட்டவுடன் எனக்குத் தோன்றுவது, ரிக்வெஸ்ட் எதற்கோ காத்துக்கொண்டு நிற்கிறது என்பதுதான். வெளியே வங்கிக்கோ கேட்வேக்கோ பேச என்ன கிளையண்ட் வைத்திருக்கிறீர்கள்?

---

பழையடாம்கேட் எழுதியது:

காவிரிக்கரை சொன்னதோடு முழுக்க ஒத்துப்போகிறேன், ஆனால் லாகைத் தொடுவதற்கு முன்னால் இன்னொன்று இருக்கிறது. எதற்கோ காத்து நிற்கிறது என்று சந்தேகம் வந்தால் முதலில் எடுக்க வேண்டியது திரெட் டம்ப், அதாவது ஒவ்வொரு திரெட்டும் அந்த நொடியில் எங்கே நிற்கிறது என்ற பட்டியல். பிரச்சினை நடந்துகொண்டிருக்கும்போதே ஜேஸ்டேக் அல்லது ஜேசிஎம்டி வைத்து, சில நொடி இடைவெளி விட்டு இரண்டு மூன்று முறை எடுங்கள். டாம்கேட்டின் வேலைத் திரெட்டுகள் இயல்பாக அதிகபட்சம் 200. அவற்றில் பெரும்பாலானவை ஒரே மெத்தடில் நின்றுகொண்டிருந்தால் பதில் அங்கேயே இருக்கிறது, லாக் லெவலை மாற்றவே வேண்டாம். மேலிடத்தில் ஒப்புதல் வாங்குவதும் இதற்குச் சுலபம், எதையும் மாற்றுவதில்லை, எடுத்துப் பார்க்க மட்டும் செய்கிறோம்.

அப்புறம் அந்த டிஸ்க் விஷயம், இதை யாரும் சரியாகச் சொல்லிக்கொடுப்பதில்லை. லினக்ஸில் ஒரு புராசஸ் திறந்து வைத்திருக்கும் ஃபைலை ஆர்எம் செய்தால் டைரக்டரியிலிருந்து பெயர்தான் போகும். ஜேவிஎம் அந்த ஃபைலைக் கையில் பிடித்துக்கொண்டு எழுதிக்கொண்டேதான் இருக்கும், இடமும் பிடித்தபடியே இருக்கும். அதனால்தான் ஃபைல்களின் அளவைக் கூட்டும் டியூ குறைவாகக் காட்டும், டிஸ்கின் இடத்தைச் சொல்லும் டிஎஃப் நிறைந்ததாகக் காட்டும். திறந்திருக்கும் ஃபைல்களைக் காட்டும் எல்எஸ்ஓஎஃப் ஓட்டிப் பார்த்தால் அழிக்கப்பட்டது என்ற குறிப்போடு அந்த ஃபைல் தெரியும். செய்ய வேண்டியது அழிப்பதல்ல, அதே ஃபைலை ட்ரங்கேட் செய்து சைபராக்குவது. லாக்பேக் ஃபைல் அப்பெண்டர் (வரிகளை ஃபைலில் எழுதும் பகுதி) இயல்பாகவே கடைசியில் சேர்த்து எழுதும் முறையில்தான் திறக்கும், ஆகவே சைபராக்கியபின் ஃபைலின் முதலிலிருந்து ஒழுங்காகத் தொடரும்.

ஆனால் அந்த நிலைக்கே வரக்கூடாது. உங்கள் ரோலிங் பாலிசியைத் திறந்து பாருங்கள். தேதியை வைத்து மட்டும் சுழற்றினால் ஒரே நாளில் ஒரு ஃபைல் எவ்வளவு வேண்டுமானாலும் வளரலாம், அதற்குத் தடையே கிடையாது. அளவும் தேதியும் சேர்ந்த பாலிசியை வையுங்கள், ஒரு ஃபைலின் உச்ச அளவைக் கொடுங்கள், மொத்த அளவுக்கும் ஒரு வரம்பைக் கொடுங்கள். அந்த மொத்த வரம்பு வேலை செய்ய, எவ்வளவு காலத்து ஃபைல்களை வைப்பது என்ற மேக்ஸ் ஹிஸ்டரியும் கொடுத்திருக்க வேண்டும் என்று லாக்பேக் ஆவணத்திலேயே இருக்கிறது, அதை விட்டுவிட்டு வரம்பு மட்டும் போட்டவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன், வரம்பு இருக்கிறது என்று நம்பிக்கொண்டிருப்பார்கள். லாகுக்குத் தனி டிஸ்க் அல்லது தனி பார்ட்டிஷன் கொடுத்தால் பக்கத்து சர்வீஸும் பிழைக்கும்.

டாக்கரில் ஓட்டுபவர்களுக்கும் ஒரு வார்த்தை. டாக்கரின் இயல்பான ஜேசன் ஃபைல் டிரைவருக்கு அளவு வரம்பே கிடையாது, நீங்கள்தான் மேக்ஸ் சைஸ் கொடுக்க வேண்டும். குபர்னெட்டிஸில் இதற்கு நேரெதிர்: கியூப்லெட் இயல்பாக ஒரு கண்டெய்னருக்கு 10 எம்பி அளவில் 5 ஃபைல்தான் வைத்திருக்கும். டீபக்கைத் திறந்தால் அந்த 50 எம்பி சில நிமிடத்தில் சுழன்று, நீங்கள் தேடும் வரி நீங்கள் வந்து பார்ப்பதற்குள் போயிருக்கும்.

---

நீலாம்பல் எழுதியது:

பேமென்ட் சர்வீஸ் என்று பார்த்ததும் எழுத வந்தேன். டிஸ்க் நிரம்பினால் ஒரு ராத்திரி கஷ்டம், லாகில் கார்டு நம்பர் ஏறினால் கஷ்டம் அந்த ராத்திரியோடு முடியாது.

அப்பாச்சி ஹெச்டிடிபி கிளையண்டில் "வயர்" என்று முடியும் ஒரு லாகர் இருக்கிறது. அதை டீபக்கில் திறந்தால் கம்பியில் போகும் ஒவ்வொரு பைட்டும் லாகில் விழும். ஆத்தரைசேஷன் ஹெடர், டோக்கன், வங்கிக்கு அனுப்பும் முழு ஜேசன், எல்லாம். ரூட்டை டீபக் ஆக்கினால் இதுவும் சேர்ந்துதான் திறக்கும். ஹைபர்நேட்டில் எஸ்க்யூஎல் லாகர் டீபக்கில் கேள்விக்குறியோடு நிற்கும், பரவாயில்லை. ஆனால் பைண்ட் லாகரை ட்ரேஸ் ஆக்கினால் அந்தக் கேள்விக்குறி ஒவ்வொன்றுக்கும் உரிய மதிப்பு வந்துவிடும், ஆதார் எண்ணோ ஃபோன் நம்பரோ எதுவாக இருந்தாலும். கார்டுத் தகவல் பாதுகாப்புக்கான பிசிஐ டிஎஸ்எஸ் விதியில், கார்டின் பின்புறம் இருக்கும் சிவிவியை ஆத்தரைசேஷன் முடிந்தபின் என்கிரிப்ட் செய்தும்கூட வைக்கக்கூடாது. லாக் ஃபைலும் வைப்பதுதான், அதற்கு விலக்கு கிடையாது.

பெரிய இடங்களிலேயே நடந்திருக்கிறது. 2018 மே மாதம் ட்விட்டர் தன் பயனர்கள் எல்லோரையும் பாஸ்வேர்டை மாற்றச் சொன்னது, அப்போது 33 கோடிப் பேர். பாஸ்வேர்டு ஹாஷ் ஆவதற்கு முன்பே உள் லாக் ஒன்றில் அப்படியே எழுதப்பட்டுக்கொண்டிருந்ததுதான் காரணம். யாரும் உள்ளே புகுந்து திருடவில்லை. எழுதப்பட்டதே போதுமானதாக இருந்தது.

இன்னொன்றையும் யோசியுங்கள். சர்வரில் இருக்கும் ஃபைலை அழித்துவிட்டோம் என்றால் முடிந்துவிடுவதில்லை, அதற்குள் அது மையமான லாக் சேமிப்புக்குப் போயிருக்கும், அங்கிருந்து பேக்அப்புக்கும் போயிருக்கும். 2022 ஏப்ரல் 28 அன்று இந்தியாவின் சைபர் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் கொடுத்த உத்தரவின்படி லாகுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும், ஆகவே பல நிறுவனங்களில் வருவதை எல்லாம் அப்படியே 180 நாளுக்குப் பூட்டி வைக்கிறார்கள். ஒரு சாயங்காலம் திறந்த டீபக்கில் விழுந்த டோக்கன் அரை வருஷம் அங்கே இருக்கும், அந்த சேமிப்பைப் பார்க்க எத்தனை பேருக்கு அனுமதி இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள்.

நான் சொல்வது: உங்கள் லாக்பேக் கன்ஃபிக்கில் வயர் லாகரையும் ஹெடர் லாகரையும் வெளிப்படையாக இன்ஃபோவில் பெயர் சொல்லி நிறுத்திவையுங்கள். அப்படி வைத்தால், யாராவது அவசரத்தில் ரூட்டையோ அப்பாச்சி பேக்கேஜையோ திறந்தாலும் இந்த இரண்டும் மூடியே இருக்கும், ஏனென்றால் நேரடியாக வைத்த லெவல்தான் மேலிருந்து வருவதை வெல்லும். ஒப்புதல் கடிதத்தில் இதை முதல் வரியாக எழுதுங்கள்.

டீபக்கில் கஸ்டமர் அனுப்பிய எழுத்தை அப்படியே எழுதுவதையும் தவிருங்கள். உள்ளே நியூலைன் வைத்து அனுப்பினால் உங்கள் லாகில் பொய்யான வரியை நுழைக்கலாம். 2021 டிசம்பரில் லாக்4ஷெல் வந்தபோது, லாகில் எழுதப்பட்ட ஒரு யூசர் ஏஜெண்ட் வரியே போதும் சர்வரில் கோடை ஓட்ட என்று எல்லோரும் பார்த்தோம். அது லாக்4ஜே 2-இன் ஓட்டை, லாக்பேக்கில் அது இல்லை, ஆனாலும் வெளியிலிருந்து வரும் எழுத்தைப் பற்றிய ஜாக்கிரதை இரண்டுக்கும் ஒன்றுதான்.

---

இரவுப்பணி எழுதியது:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. இரண்டு நாளில் ஒப்புதல் வந்துவிட்டது, நீலாம்பல் சொன்ன வரியை முதலில் போட்டதால் பாதுகாப்புக் குழு மறுப்பே சொல்லவில்லை.

காவிரிக்கரை அண்ணா, நீங்கள் கேட்டது: அப்பாச்சி ஹெச்டிடிபி கிளையண்ட் 4.5, எங்கள் கோடிலேயே பில்டர் வைத்து உருவாக்கியது. அதன் கனெக்‌ஷன் மேனேஜர் கிளாஸுக்கு மட்டும் ஒரு இன்ஸ்டன்சில் ஆக்சுவேட்டர் வழியாக டீபக் போட்டேன். போஸ்ட் வெற்றி என்று வந்தது, கெட் செய்தால் நடைமுறையில் இருப்பது டீபக் என்றே காட்டுகிறது. ஆனால் லாக் ஃபைலில் ஒரு வரிகூட வரவில்லை. வேறு எங்கே பார்க்க வேண்டும்?

---

காவிரிக்கரை எழுதியது:

லாகர் திறந்திருக்கிறது, அப்பெண்டர் மூடியிருக்கிறது. கன்ஃபிக்கில் ஃபைல் அப்பெண்டருக்குள் த்ரெஷோல்ட் ஃபில்டர் என்று ஒன்று இன்ஃபோவில் இருக்கிறதா பாருங்கள், தொண்ணூறு சதவீதம் அதுதான் இருக்கும். லாகர் வழியாக வந்த நிகழ்வை அப்பெண்டர் தன் வாசலில் நிறுத்திவிடும், ஆக்சுவேட்டருக்கு அது தெரியாது, ஏனென்றால் அது லாகரின் லெவலை மட்டுமே பார்க்கிறது. அந்த ஃபில்டரை எடுத்துவிடுங்கள், லெவலைக் கட்டுப்படுத்தும் இடம் லாகர் ஒன்றாகவே இருக்கட்டும்.

அது இல்லையென்றால் அசிங்க் அப்பெண்டரைப் பாருங்கள். லாக்பேக்கின் அசிங்க் அப்பெண்டருக்கு இயல்பான வரிசை நீளம் 256. அதில் இருபது சதவீத இடம்தான் மீதி என்று வந்ததும் ட்ரேஸ், டீபக், இன்ஃபோ மூன்றையும் சத்தமில்லாமல் கீழே போட்டுவிட்டு வார்னையும் எரரையும் மட்டும் வைத்துக்கொள்ளும். கூட்ட நேரத்தில்தான் வரிசை நிரம்பும், உங்களுக்கு டீபக் வேண்டியதும் கூட்ட நேரத்தில்தான். டிஸ்கார்டிங் த்ரெஷோல்டை சைபராக்கினால் எதையும் போடாது, ஆனால் வரிசை முழுக்க நிரம்பினால் ரிக்வெஸ்ட் திரெட்டே இடம் கிடைக்கும்வரை நிற்கும். அதனால் வரிசை நீளத்தையும் சேர்த்து ஏற்றுங்கள். நெவர் பிளாக் என்பதைத் திறந்தால் திரெட் நிற்காது, வரி போகும். பேமென்ட் சர்வீஸில் நான் வரி போனாலும் பரவாயில்லை, திரெட் நிற்கக்கூடாது என்றே வைப்பேன்.

ஒரே வரி இரண்டு முறை வந்தால் அது அடிட்டிவிட்டி, அதாவது ஒரு லாகரின் வரி மேல் லாகரின் அப்பெண்டருக்கும் போவது; லாகருக்கும் ரூட்டுக்கும் ஒரே அப்பெண்டரைக் கட்டியிருப்பார்கள். அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

---

இரவுப்பணி எழுதியது:

த்ரெஷோல்ட் ஃபில்டரேதான். எடுத்தபிறகு நேற்று சாயங்காலமே கிடைத்துவிட்டது. பெயர்களை நீக்கிவிட்டு வரிகளின் சாரத்தை எழுதுகிறேன், மற்றவர்களுக்கும் உதவும்.

சாதாரண நேரத்தில் ஜோடி ஜோடியாக வருகிறது: கனெக்‌ஷன் கேட்கப்பட்டது, அதே மில்லிசெகண்டில் கனெக்‌ஷன் கொடுக்கப்பட்டது. ஆறே முக்கால் மணிக்கு மேல் இந்த ஜோடி உடைகிறது. கனெக்‌ஷன் கேட்கப்பட்டது, கேட்கப்பட்டது, கேட்கப்பட்டது என்று வரிசையாக வெவ்வேறு திரெட் பெயரில் வரிகள். ஒவ்வொன்றின் கடைசியிலும் அந்த வங்கியின் முகவரிக்கு ஒதுக்கியது 2-க்கு 2, மொத்தமாக ஒதுக்கியது 20-க்கு 2. கொடுக்கப்பட்டது என்ற வரி பல நொடி கழித்து ஒவ்வொன்றாகச் சொட்டுகிறது. பழையடாம்கேட் சொன்ன திரெட் டம்பையும் அதே நேரத்தில் எடுத்தேன். எக்கச்சக்கமான திரெட்டுகள் கனெக்‌ஷன் பூலில் இடத்துக்காகக் காத்திருக்கும் மெத்தடில்தான் நிற்கின்றன. இரண்டும் ஒன்றையே சொல்கின்றன.

கிளையண்டை உருவாக்கும் இடத்தில் பூல் அளவு எதுவும் கொடுக்கப்படவில்லை. அந்த வங்கி மெதுவாகப் பதில் சொல்லும் நேரத்தில் இரண்டே கனெக்‌ஷனுக்கு எல்லோரும் நிற்கிறார்கள். வேறு வங்கி கஸ்டமர்களுக்குப் பிரச்சினை வராததற்கும் இதுவே காரணம் என்று புரிகிறது. டீபக்கை நல் கொடுத்து மூடிவிட்டேன், மொத்தமாக எழுதியது ஒரு ஃபைலின் உச்ச அளவைக்கூடத் தொடவில்லை.

இனி ஒரு கேள்வி. எங்கள் சொந்தக் கோடிலும் நல்ல டீபக் வரிகளை வைக்க வேண்டும் என்று டீமில் முடிவெடுத்திருக்கிறோம். ஒரு கஸ்டமர் புகார் சொன்னால் அவருடைய ரிக்வெஸ்டுக்கு மட்டும் டீபக் வர வைக்க முடியுமா?

---

காவிரிக்கரை எழுதியது:

அருமை. ஹெச்டிடிபி கிளையண்ட் 4-இல் ஒரு முகவரிக்கு 2, மொத்தம் 20 என்பதுதான் இயல்பான அளவு, 5-ஆம் பதிப்பில் அதை 5, 25 என்று ஏற்றியிருக்கிறார்கள். அளவை ஏற்றுவதோடு நிறுத்திவிடாதீர்கள். பூலிலிருந்து கனெக்‌ஷன் கிடைக்க எவ்வளவு நேரம் காத்திருக்கலாம் என்பதற்கு 4-இல் இயல்பாக வரம்பே கிடையாது, எரர் ஒன்றுகூட வராததற்குக் காரணம் அதுதான். அந்த டைம்அவுட்டையும் கொடுங்கள், அடுத்த முறை இது நடந்தால் டீபக் இல்லாமலே எரர் லாகில் தெரியும்.

ஒரு கஸ்டமருக்கு மட்டும் டீபக் என்பதற்கு லாக்பேக்கில் டர்போ ஃபில்டர் இருக்கிறது. ரிக்வெஸ்ட் உள்ளே நுழையும் இடத்தில் ஒரு சர்வ்லெட் ஃபில்டர் வைத்து, இவர் நாம் கவனிக்கும் பட்டியலில் இருந்தால் எம்டிசியில் (திரெட்டோடு கூடவே வரும் லாக் குறிப்புப் பெட்டியில்) ஒரு கொடியைப் போடுங்கள். டர்போ ஃபில்டர் அந்தக் கொடியைப் பார்த்து, லாகர் இன்ஃபோவில் இருந்தாலும் டீபக்கை அனுமதிக்கும். கூடவே வரும் எம்டிசி ஃபில்டரை அப்படியே போடாதீர்கள், அதில் அனுமதி என்று வைத்தால் அந்தத் திரெட்டில் எல்லா லாகரும் ட்ரேஸ் வரை திறந்துகொள்ளும், நீலாம்பல் இன்ஃபோவில் நிறுத்தச் சொன்ன வயர் லாகரும் சேர்த்து, ஏனென்றால் டர்போ ஃபில்டர் லெவலைப் பார்ப்பதற்கு முன்பே ஓடுகிறது. சொந்தமாகப் பத்து வரியில் ஒன்று எழுதுங்கள்: கொடி இருக்கிறது, லாகர் பெயர் நம் பேக்கேஜில் தொடங்குகிறது, லெவல் டீபக் அல்லது அதற்கு மேல், இந்த மூன்றும் சேர்ந்தால் அனுமதி, இல்லையென்றால் நியூட்ரல். ஒவ்வொரு லாக் அழைப்புக்கும் இது ஓடும், அதனால் உள்ளே கனமான வேலை எதுவும் வேண்டாம்.

எம்டிசி திரெட்டோடு ஒட்டியது. டாம்கேட் திரெட் அடுத்த கஸ்டமருக்குப் போகும், ஆகவே ஃபைனலியில் கொடியை எடுத்தே ஆக வேண்டும். வேறு எக்ஸிகியூட்டருக்கு வேலை போனால் கொடி கூடவே போகாது, ஸ்பிரிங்கின் டாஸ்க் டெக்கரேட்டரில் எம்டிசியை நகலெடுத்துக் கொடுங்கள்.

---

நீலாம்பல் எழுதியது:

அந்தக் கொடி ஹெடரில் வருவதாக வைத்தால், வெளியிலிருந்து வரும் அந்த ஹெடரை கேட்வேயில் நீக்கிவிடுங்கள். உள்ளே உங்கள் பட்டியல் மட்டுமே கொடியைப் போட வேண்டும்.

---

பழையடாம்கேட் எழுதியது:

சொந்தக் கோடில் வரிகள் எழுதுவதைப் பற்றி, டீமுக்குக் கொடுக்க.

ஆர்டர் ஆப்ஜெக்டை ப்ளஸ் போட்டு ஒட்டி டீபக்குக்குக் கொடுத்தால், டீபக் மூடியிருந்தாலும் ஒவ்வொரு முறையும் டுஸ்ட்ரிங் ஓடி ஸ்ட்ரிங் உருவாகும். வெற்று மீசை அடைப்பை ({}) வைத்து ஆப்ஜெக்டைத் தனியாகக் கொடுத்தால் மூடியிருக்கும்போது அந்தச் செலவு இல்லை. ஆனால் அங்கேயே ஜேசன் ஆக்கும் மெத்தடை அழைத்துக் கொடுத்தால் ஜாவா முதலில் அதை ஓட்டிவிட்டுத்தான் டீபக்குக்குள் போகும், அடைப்பு காப்பாற்றாது. அப்படிப்பட்ட இடத்தில் டீபக் திறந்திருக்கிறதா என்று கேட்டுவிட்டு எழுதுங்கள், அல்லது எஸ்எல்எஃப்4ஜே 2.0-வில் லாம்டா கொடுக்கும் முறையை எடுத்துக்கொள்ளுங்கள்.

ஹைபர்நேட் என்டிட்டியை முழுசாக லாகுக்குக் கொடுக்காதீர்கள். அதன் டுஸ்ட்ரிங் தேவைப்படும்போது மட்டும் ஏற்றும்படி லேசியாக வைத்த பட்டியலைத் தொட்டால் டேட்டாபேஸுக்கு ஒரு கேள்வி போகும். டீபக்கைத் திறந்ததும் சர்வீஸ் மெதுவாகும், நீங்கள் பிரச்சினையைத் தேடுகிறீர்களா அல்லது உருவாக்குகிறீர்களா என்றே தெரியாது. ஐடி, நிலை, தொகை, அவ்வளவு போதும்.

லாக் பேட்டர்னில் வரி எண்ணும் மெத்தட் பெயரும் கேட்காதீர்கள், ஒவ்வொரு வரிக்கும் ஸ்டேக்கை நடந்து பார்த்துதான் அதை எடுக்க முடியும், டீபக் அளவில் அது நன்றாகவே வலிக்கும். லாகர் பெயரும் திரெட் பெயரும் போதும்.

எழுதும் விஷயத்தில்: "மெத்தடுக்குள் வந்தாயிற்று", "இங்கே வந்தது" போன்ற வரிகளால் ராத்திரி பத்து மணிக்கு யாருக்கும் பயன் இல்லை. எந்த ரிக்வெஸ்ட், எதை முடிவு செய்தது, ஏன், எவ்வளவு நேரம் ஆனது. உங்களுக்கு விடை சொன்ன அந்த 2-க்கு 2 வரியையே டீமுக்குக் காட்டுங்கள். அதை எழுதியவர் உங்கள் சர்வீஸைப் பார்த்ததே இல்லை, ஆனாலும் பூலில் எவ்வளவு இருக்கிறது, எவ்வளவு போயிருக்கிறது என்ற இரண்டு எண்ணையும் வரியிலேயே வைத்திருந்தார்.

---

இரவுப்பணி எழுதியது:

பூல் அளவும் பூலில் காத்திருக்கும் நேரத்துக்கான டைம்அவுட்டும் போட்டு ஒரு இன்ஸ்டன்சில் ஏற்றியாயிற்று, அடுத்த சம்பளத் தேதி தாண்டியபின் மற்ற மூன்றிலும் ஏற்றுவோம். டர்போ ஃபில்டர் ரிவ்யூவில் இருக்கிறது, பட்டியலில் ஒருவரைச் சேர்த்தால் ஒரு மணி நேரத்தில் தானாக நீங்கிவிடும்படி வைத்திருக்கிறோம். சப்போர்ட் டீமுக்கான குறிப்பில் ட்ரங்கேட் பற்றியும் எழுதிவிட்டேன்.